இருபது மணி நேரப் பேச்சு

பெரியநாயக்கன்பாளையத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், பிறகு சாப்பிட்டாச்சுங்களா என்பார்கள், அதற்கப்புறம்தான் வந்த காரியம் என்னவென்று கேட்பார்கள். வள்ளியாத்தாள் இந்த விஷயத்தில் ஊரையே மிஞ்சியவள். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர்கூட அவள் வீட்டில் மோர் குடிக்காமல் தப்ப முடியாது. தவறான நம்பரில் கூப்பிட்டவரிடமும், "அவிய இங்க இல்லீங், நீங்க எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்து, அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பாள். இப்படிப்பட்டவள் இருக்கிற வீட்டுக்குள் பேசுகிற செயலி ஒன்றைக் கல்லூரிக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அது யாருடைய தப்பு என்று அவள் மகளால் இன்று வரை தீர்மானிக்க முடியவில்லை.

மகள் சண்முகப்ரியா, வீட்டில் ப்ரியா. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் வருடம் படித்தாள். அந்த வருடம் பேச்சுப் பயிற்சிப் பேப்பரில் புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டு, செமஸ்டர் முடிவதற்குள் அதனோடு இருபது மணி நேரம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். பேசியதெல்லாம் எழுத்தாக மாறிப் பாடம் எடுக்கிற சாஜிதா பேகம் மேடத்திடம் போய்ச் சேரும். அதற்கு இருபத்தைந்து மார்க். அந்த மார்க் இல்லாமல் பேப்பர் தேறாது.

பேப்பர் தேறாவிட்டால் ஈரோடும் கிடையாது. ஈரோட்டில் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்று, வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசுவதற்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வந்திருந்தது. வகுப்பில் எடுத்த இரண்டு பேரில் ப்ரியா ஒருத்தி. எந்தப் பேப்பரிலும் அரியர் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. சேதி கேட்ட அன்று அவள் அப்பா அங்கப்பன், இரும்பு வார்ப்புகளை ஏற்றுகிற தன் குட்டியானை மினி லாரிக்கு மாலை வாங்கிப் போட்டார். வேலை மகளுக்குத்தானே, வண்டிக்கு எதற்கு மாலை என்று கேட்டதற்கு, இத்தனை வருசம் பீஸ் கட்டினது அதுதானே என்றார்.

வள்ளியாத்தாள் செய்வது மோட்டார் வைண்டிங். ஆழ்துளைக் கிணற்றில் இறக்குகிற மோட்டாரின் இரும்புக் குழாயைத் திருமலைசாமி கம்பெனியிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். குழாய்க்குள் சுற்றிலும் நீளமான பள்ளங்கள் இருக்கும். அதில் காப்பர் ஒயரைப் போட்டுச் சுற்ற வேண்டும். இது ஒற்றை ஆள் செய்கிற வேலை இல்லை. குழாயின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இவள் தள்ளினால் அவள் பிடித்து இழுக்க வேண்டும், அவள் அடுத்த பள்ளத்தில் திருப்பித் தள்ளினால் இவள் இழுக்க வேண்டும். சுற்று ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் புகைந்து போகும். பகலில் வள்ளியாத்தாள் தனியாக உட்கார்ந்து ஒயரை அளந்து வெட்டுவாள், முடிந்த சுருள்களை நூலால் இறுக்கிக் கட்டுவாள். சாயங்காலம் ப்ரியா கல்லூரியிலிருந்து வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால்தான் இழுப்பு வேலை நடக்கும். அங்கப்பனை ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்தார்கள். எட்டாவது சுற்றிலேயே அவருக்குக் கொட்டாவி வந்து, எண்ணிக்கை விட்டுப்போய், மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டியதாயிற்று.

ஆக, ப்ரியாவுக்கு ஆங்கிலம் பேசக் கிடைத்த நேரமும் அந்தச் சாயங்காலம்தான். ஐப்பசி மழை தகரக் கூரையில் தடதடவென்று கொட்டும். போனை இரும்புக் குழாயின் மேலேயே நிறுத்தி வைத்துவிட்டுக் கையில் ஒயரும் வாயில் ஆங்கிலமுமாகப் பேசுவாள். அந்தச் செயலிக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதைச் சொன்னாலும் முதலில் பாராட்டும், அடுத்து ஒரு கேள்வி கேட்கும். தானாக ஒருநாளும் வாரேன் என்று சொல்லி எழுந்து போகாது.

வள்ளியாத்தாளுக்கு இதுதான் பெரிய சங்கடமாகப் போயிற்று. ஒருத்தர் நம்மைப் பார்த்து ஒன்று கேட்கிறார், அதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போவது எப்படி? ப்ரியா களைத்துப்போய்ப் பேச்சை நிறுத்தினாலும் இவள் விடமாட்டாள்.

"கண்ணு, அது என்னமோ கேக்குது பாரு."

"கேட்டா கேட்டுட்டுப் போகுது. ஆப் பண்ணும்மா."

"அதெப்படி அம்மணி? மொகத்துல அடிச்சாப்புல இருக்காதா? ரெண்டு வார்த்த சொல்லிப்போட்டு ஆப் பண்ணு."

எட்டாவதோடு நின்றுபோன படிப்பில் மிஞ்சியது கொஞ்சம், பட்டறைப் பேச்சில் ஒட்டிக்கொண்டது கொஞ்சம் என்று வள்ளியாத்தாளிடமும் ஆங்கிலம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவளே பதில் சொல்ல ஆரம்பித்தாள். "எஸ்ஸுங்க, ரெயின்" என்பாள். "ட்வென்ட்டி டூ, ட்வென்ட்டி த்ரீ" என்று அவள் சுற்று எண்ணினால், இருபத்து மூன்றா, பிரமாதம், எதில் இருபத்து மூன்று என்று அது கேட்கும். உடனே இவள் மோட்டாரை விளக்க உட்கார்ந்துவிடுவாள். ஆனால் ஒரு சுற்றும் தப்பாது. ஒருநாள் தமிழ்நாட்டுச் சாப்பாட்டைப் பற்றி அது கேட்டுவைக்க, இவள் அரிசிம்பருப்புச் சாதம் செய்கிற பக்குவத்தைப் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் அடுப்பில் அதே சாதம் அடிப்பிடித்துக் கருகியது. வேலை முடிந்து வந்த அங்கப்பன் மேலாகச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு, அந்தப் புள்ளைக்கு ஊர் எது, தாய் தகப்பன் இருக்கிறார்களா என்று விசாரித்தார். எனக்கு ஊர் இல்லை என்று அது சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. பாவம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் பின்கட்டுப் பொடக்காணிப் பக்கம் போனார்.

செயலியில் எத்தனை மணி நேரம் பேசியாயிற்று என்று ஓரத்தில் காட்டும். அது நன்றாகவே ஏறிக்கொண்டு வந்தது. தினம் அரை மணி நேரம்கூடப் பேசவில்லையே, எப்படி இவ்வளவு என்று ப்ரியாவுக்கு ஒன்றிரண்டு தடவை தோன்றியதுண்டு. ஏறுகிற வரைக்கும் நல்லதுதானே என்று விட்டுவிட்டாள். இருபத்தோரு மணி நேரம் ஆனபோது சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

நான்கு நாள் கழித்து சாஜிதா பேகம் மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கனமான தாள்கட்டு ஒன்று இருந்தது. சமர்ப்பித்த பேச்சைக் கல்லூரிக் கணினி குரல் குரலாகப் பிரித்துச் சொல்லுமாம். இருபத்தோரு மணி நேரத்தில் ப்ரியாவின் குரல் மூன்றே முக்கால் மணி நேரம். மீதி வேறு ஒருவர். விதிமுறைப்படி வேறு ஆள் பேசியிருந்தால் மொத்தமும் ரத்து. அந்த வாரம் மேடம் ஏற்கெனவே நொந்துபோயிருந்தார். வகுப்பில் ரித்விக் என்பவன் இரண்டு போனை எதிரெதிராக வைத்து இரண்டு செயலியையும் ஒன்றோடொன்று பேசவிட்டிருந்தான். அவை இருபது மணி நேரமும் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. ப்ரியாவும் அதே ஜாதி என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் கோபமாகப் பேசவில்லை.

"இது யாரு ப்ரியா?"

"எங்கம்மாவா இருக்கும் மேம்."

"வெள்ளிக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு வா."

வீட்டுக்கு வந்து ப்ரியா போட்ட கூப்பாட்டில் கூரை மேல் பெய்த மழையே கேட்கவில்லை. வள்ளியாத்தாள் ஒயர் வெட்டுகிற கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குள் போன் கொண்டுபோக அனுமதியில்லை, அதனால் பகலெல்லாம் அது வீட்டில்தான் கிடக்கும். தினம் மத்தியானம் இரண்டு மணிக்கு, 'ஹலோ ப்ரியா, பேசலாமா' என்று கூப்பிடும்.

"ஊட்டுல ஆளில்லாதப்ப ஒருத்தர் வந்து கூப்புட்டா சும்மா இருப்பாங்களா கண்ணு? ப்ரியா இல்லீங், அஞ்சு மணிக்கு வருவாங்கன்னு சொல்லலாம்னு அந்தப் பச்ச வட்டத்தத் தொட்டேன். அப்படிங்களா, நீங்க யாருன்னு கேட்டுச்சு. அம்மான்னு சொன்னேன். இன்னிக்கு உங்களுக்குப் பொழுது எப்படிப் போச்சுன்னு கேட்டுச்சு."

"கேட்டா?"

"சொன்னேன்."

"தெனமுமா?"

"தெனமும் கேட்டுச்சு அம்மணி."

ப்ரியாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஈரோடு போச்சு, எல்லாம் போச்சு, உன் மரியாதையால் என் வாழ்க்கை போச்சு என்று பெரிய வார்த்தைகளாகச் சொன்னாள். சொல்லக் கூடாததையும் ஒன்று சொன்னாள். எதிரில் உட்கார ஆள் இல்லாமல் போய்விடும் என்றுதானே இப்படிச் செய்தாய் என்றாள். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற வள்ளியாத்தாள் இதற்கு மட்டும் எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அங்கப்பன் மட்டும் பேசினார். தப்பு என்று பார்த்தால் தன்னுடையதும் இருக்கிறது, ஊர் எது என்று கேட்டவன் தான்தானே என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வள்ளியாத்தாள் நல்ல சேலை உடுத்துத் தயாராக நின்றாள். கையில் ஒரு தூக்குப்போசி. அதற்குள் கச்சாயம், முதல் நாள் ராத்திரி வெல்லப்பாகு வைத்துச் சுட்டது. லஞ்சம் கொடுக்கிறோம் என்று நினைப்பார்கள், வைத்துவிட்டு வா என்று ப்ரியா மன்றாடினாள். வெறுங்கையோடு ஒருத்தரைப் பார்க்கப் போகிற பழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள் வள்ளியாத்தாள். காந்திபுரம் போகிற வரைக்கும் ப்ரியா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். துடியலூர் தாண்டும்போது வள்ளியாத்தாள், போசியிலிருந்து பாகு கசிகிறதா என்று ஒருமுறை மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சாஜிதா பேகம் மேடம் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். வள்ளியாத்தாள் போசியை மேசைமேல் வைத்தாள். ப்ரியா தரையைப் பார்த்தாள். மேடம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பதினேழாம் பக்கத்துல சொன்னீங்களே, அதே கச்சாயம்தானுங்களா இது? பாகு பதம் பாக்கறதுக்குத் தண்ணியில உருட்டிப் பாக்கோணும்னு."

"அதேதானுங்க. நீங்க அதப் படிச்சீங்களா?"

"முந்நூத்தி நாப்பத்தாறு பக்கமும் படிச்சேன்."

வள்ளியாத்தாளின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. பிறகு என்னென்ன சொன்னோம் என்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முந்தானையை இழுத்து வாயருகே பிடித்துக்கொண்டாள். புள்ளைமேல் தப்பில்லை, புத்தி கெட்டுப் பேசியவள் தானேதான், தண்டனை எதுவானாலும் தனக்குக் கொடுங்கள் என்றாள். மேடத்துக்கு அவளை எந்த விதியில் சேர்ப்பது என்று தெரியவில்லை. கல்லூரியில் சேராதவருக்குத் தண்டனை கொடுக்க முடியாது, மார்க்கும் கொடுக்க முடியாது. ப்ரியாவுக்குப் பேச வருமா வராதா என்பதுதான் தனக்குத் தெரிய வேண்டும் என்றார். இந்த மூன்றே முக்கால் மணி நேரத்தில் பாதி, எஸ், நோ, மழை, ஒயர் என்றுதான் இருக்கிறது. இதை வைத்து எப்படித் தேர்ச்சி போடுவது? ப்ரியாவின் கணக்கிலேயே தன் போனில் செயலியைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"இருபது நிமிஷம் பேசு. எதப் பத்தி வேணும்னாலும் பேசு. அம்மா மட்டும் வாயத் தொறக்கக் கூடாதுங்க."

"சரிங்."

ப்ரியா பச்சை வட்டத்தைத் தொட்டாள். அவள் குட் மார்னிங் சொல்லி முடிப்பதற்குள் அது உற்சாகமாக ஆரம்பித்துவிட்டது. உங்கள் குரலைக் கேட்டு நாலைந்து நாளாயிற்று, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டது. மத்தியானப் பேச்சின் தொடர்ச்சி என்றே எடுத்துக்கொண்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதே ப்ரியாவுக்குப் புதுச் செய்தி. வள்ளியாத்தாள் பழக்க தோஷத்தில் பதில் சொல்ல வாயெடுத்து, மேடம் விரலை உயர்த்தியதும் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ப்ரியா திகைத்து நிற்கையில் அது அடுத்ததையும் கேட்டது. உங்கள் மகள் ஈரோடு போன பிறகு எதிர்ப்பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தீர்களே, அதை அவளிடம் சொல்லிவிட்டீர்களா?

மேடம் சட்டென்று கை நீட்டினார், நிறுத்துவதற்கு. அந்தப் பக்கத்தையும் அவர் படித்திருந்தார். ப்ரியா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நான் அம்மா இல்லை, அந்த மகள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது மன்னிப்புக் கேட்டது. அப்படியானால் அதை உங்கள் அம்மாதான் சொல்ல வேண்டும், நான் சொல்லியிருக்கக் கூடாது என்றது. உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேட்டது, அதன் புத்தி அப்படி.

அதற்கப்புறம் ப்ரியா பேசியதுதான் பேச்சு. முதலில் சண்டை போட்டாள். என் அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறவள், உனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், முடிவில் ஒரு கேள்வியை மாட்டி அவளை எழவிடாமல் உட்கார வைத்திருக்கிறாய், அடுப்பில் சாதம் கருகியது உன்னால்தான் என்றாள். பிறகு மோட்டார் வேலையைச் சொன்னாள், ஒயர் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்ததும் விரலில் தெரிகிற அந்தச் சின்ன இழுப்பைச் சொன்னாள். அதற்கு ஆங்கில வார்த்தை தெரியவில்லை, கையால் காட்டினாள், போனுக்குக் கண் இல்லை என்று நினைவு வந்து வேறு வார்த்தைகளைத் தேடிச் சுற்றி வளைத்துச் சொன்னாள். இலக்கணம் பல இடத்தில் உடைந்தது. அவள் நிற்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, மணி நேரம் ஏறியபோது அது என் பேச்சு இல்லை என்று எனக்கு உள்ளூரத் தெரியும், கேட்டால் நின்றுபோய்விடும் என்றுதான் அம்மாவிடம் கேட்காமல் இருந்தேன், தப்பு அவள்மேல் இல்லை, என்மேல் என்றாள். மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். இதற்கும் அது ஒரு கேள்வி கேட்டது. பதில் சொல்லாமல் அணைத்தாள்.

இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. வள்ளியாத்தாளின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் புரிந்திருந்தது. பதினேழு மணி நேரம் பேசியது வீண் போகவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மூன்றே முக்கால் மணி நேரமும் இன்றைய பேச்சும் கணக்கில் சேரும். மீதி அடிபடும். அடுத்த மூன்று வாரத்தில் மிச்ச மணி நேரத்தை ப்ரியா தன் சொந்தக் குரலில் பேசி முடிக்க வேண்டும். உண்மையை மறைத்ததற்கு ஏழு மார்க் குறையும். பேப்பர் தேறிவிடும், ஈரோட்டுக்கு ஒரு குந்தகமும் இல்லை. சொல்லிவிட்டு ஒரு கச்சாயத்தை எடுத்துக் கடித்தார்.

"என்ற பேச்ச அடிச்சுபோடுவீங்களாங்க?" என்று வள்ளியாத்தாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மார்க்குலதாங்க அடிக்கோணும். அந்தப் பேப்பரெல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும். நல்லாருக்குது."

திரும்பி வருகையில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. மழை விட்டு வெயில் அடித்தது. ப்ரியா அம்மாவின் முழங்காலில் கை வைத்தாள். எந்தக் கால் என்று தெரியாததால் இரண்டிலும் வைத்தாள்.

"நான் போயிட்டா எதுத்தாப்புல யாரு ஒக்காருவாங்கன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லம்மா? ஒரு மிசினுகிட்டப் போயி."

வள்ளியாத்தாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். குறைப்படாமல் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"நீ கேக்கவே இல்லையே கண்ணு. அது கேட்டுச்சு."

ப்ரியாவுக்குச் சுருக்கென்றது. மூன்று வருடமாகத் தினமும் சாயங்காலம் இரண்டடி தூரத்தில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை நாளில் அம்மாவிடம் அவள் கேட்டதெல்லாம் எத்தனையாவது சுற்று என்பது மட்டும்தான். அம்மாவின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்பக் கேக்கறேன். சொல்லும்மா. நான் போறது உனக்கு எப்படி இருக்குது?"

வள்ளியாத்தாள் சொல்ல ஆரம்பித்தாள். போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் வாய் வரவில்லை என்றாள். எதிர்ப்பக்கத்துக்குச் சென்னியம்மாளைக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அவள் வெற்றிலை போட்டுக்கொண்டு எண்ணுவதால் எண்ணிக்கை நம்பிக்கையில்லை என்றாள். ஈரோட்டில் தங்குகிற இடத்தில் குடிதண்ணீர் உப்பா இல்லையா என்று யோசித்துத் தூக்கம் வராமல் கிடந்ததைச் சொன்னாள். முழங்கால் வலி ஆடி மாசத்தில் ஆரம்பித்தது என்று சொல்லிவிட்டு, ஆடியில் இருந்து மாதம் மாதமாக வந்தாள். ப்ரியா நடுநடுவே கேட்டாள். கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். துடியலூர் போயிற்று, பெரியநாயக்கன்பாளையமும் போயிற்று. இறங்க வேண்டிய ஊர் கடந்தது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

காரமடையில் கூட்டம் இறங்கி முடித்த பிறகு கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பெரியநாயக்கன்பாளையம் தாண்டி ரொம்ப நேரமாச்சுங்க, இறங்கி எதிர் பஸ் பிடியுங்கள் என்றார். விசில் வாயில் இருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளியாத்தாள் அவரை நிமிர்ந்து பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்.

"சித்த இருங்க தம்பி. புள்ள கேட்டிருக்கறா, சொல்லி முடிச்சுபோட்டு எறங்கிக்கறமுங்க."